முதுகெலும்பு வளைவு அறுவை சிகிச்சை: பிள்ளை வீடு திரும்பும் முன்பே முடித்துவைக்க வேண்டிய வேலைகள்

திருகுகளும் கம்பிகளும் பொருத்தி வளைவை நேராக்கி, முதுகெலும்புகளை ஒன்றோடொன்று சேரவிடும் இணைப்பு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலும் 10 வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்குச் செய்யப்படும் சிகிச்சை இது. சிறு குழந்தைகளுக்கு வைக்கும் நீளக்கூடிய கம்பிகள், வளைவின் வெளிப்புறத்தில் பொருத்தி இழுத்துப் பிடிக்கும் வடம், தசை அல்லது நரம்பு நோயால் வந்த வளைவு ஆகியவற்றுக்கு விதிகள் வேறு. அந்த வீட்டினர் இங்கிருந்து வேலைகளின் வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு, கால அளவுகளைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையில் இருக்கப்போவது வழக்கமாக 3 முதல் 5 நாள்தான். அந்த நாட்களில் தூக்கம் கெட்ட பெற்றோரால் புதிதாக எதையும் யோசிக்க முடியாது. வலியில் இருக்கும் பிள்ளையால் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது. எனவே யோசிப்பதையும் கற்பதையும் முன்னாலேயே முடித்துவிட வேண்டும். புதிதாக இதில் இறங்கும் குடும்பங்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பொருட்களையெல்லாம் வாங்கிக் குவித்திருப்பார்கள். பிள்ளைக்குப் படுக்கையிலிருந்து எழத் தெரிந்திருக்காது.

1. முதல் வேலை: கேள்விகளும் எழுதி வாங்கிய பதில்களும்

நாள் குறித்த உடனே இதைச் செய்யுங்கள். மற்ற எல்லா ஏற்பாடுகளும் இந்தப் பதில்களைப் பொறுத்தவை.

எந்த எலும்பிலிருந்து எந்த எலும்பு வரை இணைக்கப்போகிறார்கள்? இணைப்பு இடுப்புக்கு அருகே இறங்க இறங்க, குனியும் அசைவு அதிகமாகக் குறையும். காலுறை மாட்டுவதுகூடப் புதிதாகப் பழக வேண்டிய வேலையாகும். மேல்முதுகோடு நின்றால் அந்தச் சிக்கல் குறைவு. குனிதல், முறுக்கித் திரும்புதல், எடை தூக்குதல் ஆகிய மூன்றுக்கும் தடை எத்தனை வாரம்? தூக்கக்கூடிய எடை எத்தனை கிலோ? தையல் தானாகக் கரையுமா, பிரிக்க வேண்டுமா? காயத்தின் கட்டை யார் மாற்றுவது? குளியல் எப்போது? ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரை தரலாமா? இரவு 2 மணிக்குச் சந்தேகம் வந்தால் எந்த எண்ணை அழைப்பது?

ஐபுப்ரோஃபெனைப் பற்றித் தனியாகக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவ்வகை மருந்துகள் எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று சில அறுவை மருத்துவர்கள் தவிர்க்கச் சொல்வார்கள். சிலர் சில நாட்களுக்கு அனுமதிப்பார்கள். இதுபோல ஒவ்வொரு கேள்விக்கும் மருத்துவருக்கு மருத்துவர் பதில் மாறும். இன்னொரு பெற்றோர் சொல்வது அவருடைய மருத்துவர் சொன்னதுதான். உங்கள் பிள்ளைக்கு அது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பதில்களை ஒரே தாளில் எழுதி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுங்கள்.

2. ஆறு வாரத்துக்கு முன்: உடலைத் தேற்றுதல்

நீண்ட அறுவை இது. ரத்த இழப்பு இருக்கும். ஹீமோகுளோபின் அளவு எவ்வளவு என்று இப்போதே கேளுங்கள். குறைவாக இருந்து இரும்புச்சத்து மாத்திரை தொடங்கினால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். கடைசி வாரத்தில் தொடங்கி ஆவதொன்றும் இல்லை.

அறுவைக்குப் பின் பசி போய்விடும். சில கிலோ எடை குறைவது சாதாரணம். ஏற்கெனவே மெலிந்திருக்கும் பிள்ளைக்கு இது கூடுதல் சுமை. புரதம் மிகுந்த உணவோடு எடையைச் சற்றுக் கூட்டிவைப்பது நல்லது. வைட்டமின் டி அளவைப் பார்க்கவேண்டுமா என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

பல் மருத்துவரிடம் போவதை இந்த இடைவெளியில் முடித்துவிடுங்கள். பல்லில் தொற்று இருந்தால் அது ரத்தம் வழியாகப் புதிய உலோகத்தைச் சென்றடையும் ஆபத்து உண்டு. தவிர, அறுவைக்குப் பிந்தைய வாரங்களில் பல் மருத்துவரின் சாய்நாற்காலியில் கிடப்பது பெரும்பாடு.

முதுகில் சீழ்வைத்த பருக்கள், சிராய்ப்பு, புண் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கத்தி படப்போகும் தோல் சுத்தமாக இருக்க வேண்டும். காய்ச்சல், சளி வந்தாலும் அப்படியே. நாள் தள்ளிப்போகுமே என்று சொல்லாமல் விடுவதுதான் இங்கே நான் பார்க்கும் பெரிய பிழை.

ஆஸ்பிரின், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, மூலிகை மருந்துகள் போன்றவை ரத்தம் உறைவதைப் பாதிக்கலாம். பிள்ளை விழுங்கும் எல்லாவற்றையும் பட்டியலிட்டுக் கொடுத்து, எதை எப்போது நிறுத்துவது என்று கேளுங்கள். வழக்கமான மருந்து எதையும் நீங்களாக நிறுத்தவேண்டாம். நிகோடின் எலும்பு சேர்வதைக் கெடுக்கும். வளரிளம் பிள்ளையிடம் மருத்துவர் இதைத் தனியாகக் கேட்க இடம் கொடுத்து, நீங்கள் வெளியே போய் நில்லுங்கள். உண்மை வெளிவர அதுவே வழி.

3. உடலுக்குப் பயிற்சி

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால், இதைப் படியுங்கள். அறுவைக்கு முந்தைய இரண்டு வாரமும் பிள்ளை தினமும் காலையில் எழுவதும் இரவில் படுப்பதும் கீழே உள்ள முறையில்தான் நடக்க வேண்டும். உடல் அதை யோசிக்காமல் செய்யும் அளவுக்குப் பழக வேண்டும்.

எழுவது. மல்லாந்து படுத்த நிலையில் இரண்டு முழங்காலையும் மடக்க வேண்டும். தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்பும்படி, உடலை மரக்கட்டைபோல் ஒருபக்கமாக உருட்ட வேண்டும். பிறகு கால்கள் இரண்டையும் கட்டில் விளிம்புக்கு வெளியே இறக்கிக்கொண்டே, கீழிருக்கும் முழங்கையாலும் மேலிருக்கும் உள்ளங்கையாலும் மெத்தையை அழுத்தி எழுந்து உட்கார வேண்டும். இறங்கும் காலின் எடை மேலுடலைத் தூக்கிவிடும். அதனால் இரண்டும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். படுப்பது இதன் தலைகீழ் வரிசை: உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்து, காலை மேலேற்றி, பிறகு மல்லாந்து உருள வேண்டும்.

பெற்றோருக்கும் இதில் பயிற்சி வேண்டும். உங்கள் ஒரு கை பிள்ளையின் தோள்பட்டைக்குப் பின்னால், மற்றது இடுப்பில். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. அக்குளில் கைகொடுத்துத் தூக்கவும் கூடாது. பதற்றத்தில் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். இரவில் உதவப்போகிறவர் அப்பாவோ, பாட்டியோ, யாராயிருந்தாலும் அவரும் பழகட்டும்.

உட்கார்ந்து எழுவது. நாற்காலி விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குக் கீழே இழுத்துக்கொண்டு, தொடை பலத்தால் எழ வேண்டும். முதுகை முன்னால் வளைத்து உந்தக் கூடாது.

கழிப்பறை. இதைப் பேச எல்லோரும் கூச்சப்படுவார்கள், அதனாலேயே மருத்துவமனையில் அழுகை வரும். பின்னால் முறுக்கித் திரும்பாமல் எப்படிச் சுத்தம் செய்வது என்பதைப் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு இப்போதே முயன்று பார்க்கட்டும். சிலருக்கு முன்பக்கமாகக் கை கொண்டுபோவது எளிது. சிலருக்கு நின்றபடி செய்வது எளிது. சிலருக்கு நீளக் கைப்பிடி உள்ள சாதனம் தேவைப்படும். எது தேவை என்று தெரிந்தால்தான் வாங்கமுடியும். குந்தி உட்காரும் கழிப்பறை மட்டுமே உள்ள வீட்டில், முதல் மாதங்களுக்கு அதன்மேல் வைக்கும் நாற்காலிச் சட்டம் அவசியம்.

மூச்சு. வலிக்குப் பயந்து பிள்ளைகள் மேலோட்டமாக மூச்சுவிடுவார்கள். நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சளி தங்கி, காய்ச்சல் வரலாம். மூச்சுப்பயிற்சிக் கருவி ஒன்றை மருத்துவமனையில் கொடுப்பார்கள். முன்னதாகவே கேட்டு வாங்கி, உறிஞ்சி நிறுத்தும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். ஊதுவது அல்ல, உள்ளிழுப்பது. இதைத் தலைகீழாகச் செய்பவர்கள் நிறைய.

வலிக்கு எண். 0 முதல் 10 வரை வலியைச் சொல்லும் முறையைச் சின்னச் சின்ன வலிகளில் பழக்குங்கள். எந்த எண்ணில் தூங்கமுடியாது, எந்த எண்ணில் பேசவே பிடிக்காது என்று பிள்ளையே முடிவுசெய்யட்டும். பின்னால் செவிலியர் கேட்கும்போது அந்த எண்ணுக்குப் பொருள் இருக்கும்.

4. வீடு: பிள்ளையோடு ஒரு முறை நடந்து பாருங்கள்

கட்டிலிலிருந்து கழிப்பறை, அங்கிருந்து சாப்பாட்டு மேசை, பிறகு மீண்டும் கட்டில். இந்தப் பாதையைக் குனியாமல், திரும்பிப் பார்க்காமல், எதையும் தூக்காமல் பிள்ளை நடந்து காட்டட்டும். எங்கெல்லாம் நிற்கிறதோ அங்கெல்லாம் உங்களுக்கு வேலை இருக்கிறது.

கட்டில் உயரம் முழங்கால் அளவு இருக்க வேண்டும். தரையில் விரித்த படுக்கையிலிருந்து எழ முதுகை வளைத்தே ஆகவேண்டும், அது ஆகாது. அமுங்கும் மெத்தையில் உருள முடியாது. எந்தப் பக்கமாக உருண்டு எழப் பழகியதோ அந்தப் பக்கம் சுவராக இருந்தால் கட்டிலைத் திருப்பிப் போடுங்கள். சிரிப்பாகத் தோன்றும், ஆனால் இதைக் கவனிக்காமல் விட்டு நள்ளிரவில் கட்டிலை இழுத்த வீடுகள் உண்டு.

தண்ணீர், போன், கண்ணாடி, மணி, குப்பைக் கூடை எல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில், கை நீட்டும் தூரத்தில் வையுங்கள். உட்கார ஆழமான சோபா வேண்டாம்; கைப்பிடி உள்ள கெட்டியான நாற்காலி போதும். குளியலறையில் வழுக்காத விரிப்பு, உட்கார ஒரு நாற்காலி, முடிந்தால் கையில் பிடிக்கும் ஷவர். நடைவழியில் கிடக்கும் சிறு விரிப்புகளையும் வயர்களையும் எடுத்துவிடுங்கள். இரவு விளக்கு வேண்டும்.

மாடிப்படி பெரிய தடை அல்ல. வீட்டில் படி இருக்கிறது என்று சொன்னால், மருத்துவமனையிலிருந்து அனுப்பும் முன்பே பிசியோதெரபிஸ்ட் ஏறி இறங்கச் சொல்லித்தருவார். மாடி அறையைக் காலி செய்து கீழே கொண்டுவரும் உழைப்பு பல வீடுகளில் வீண்.

தாவி ஏறும் தம்பி தங்கைகளும் வளர்ப்பு நாயும்தான் உண்மையான ஆபத்து. அவர்களுக்கும் ஒத்திகை உண்டு: கட்டிலில் ஏறக் கூடாது, பின்னாலிருந்து கட்டிப்பிடிக்கக் கூடாது.

5. வாங்க வேண்டியவை, வாங்கக் கூடாதவை

முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்ந்த சட்டைகள், தையல்மேல் உராயாத மென்மையான இடுப்புப்பட்டி கொண்ட கால்சட்டைகள், குனியாமல் மாட்டக்கூடிய, குதிகாலை மூடும் செருப்பு, படுத்தபடி குடிக்க வளையும் ஸ்ட்ரா, கீழே விழுந்ததை எடுக்கும் நீளப் பிடிப்பான், தெர்மாமீட்டர், வெவ்வேறு அளவில் நாலைந்து தலையணைகள். வயதுக்கு வந்த பெண்பிள்ளை என்றால் நாப்கின்களையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அறுவையின் அதிர்ச்சியில் மாதவிடாய் நாள் தவறி வருவது உண்டு, மருத்துவமனையிலேயே வரலாம்.

புதிய உடைகளை இப்போது வாங்காதீர்கள். வளைவு நேரானதும் உயரம் சில சென்டிமீட்டர் கூடிவிடலாம். தோளும் இடுப்பும் உட்காரும் விதமும் மாறும். இப்போது அளவு பார்த்து வாங்கியது அப்போது பொருந்தாது. விலையுயர்ந்த மின்கட்டிலும் பெரும்பாலான வீடுகளுக்குத் தேவைப்படாது. மூன்றாம் வாரத்தில் அது துணி மடிக்கும் இடமாகிவிடும்.

6. பள்ளியிடம் முன்கூட்டியே பேசுதல்

பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு பேசலாம் என்று விட்டால் அது நடக்காது. அறுவைக்கு முன்பே மருத்துவரின் கடிதத்தோடு போய்ப் பாருங்கள். கேட்க வேண்டியவை: பாடப்புத்தகங்களின் இரண்டாவது தொகுதி (ஒன்று வீட்டில், ஒன்று வகுப்பில், முதுகில் பை கிடையாது), கூட்டத்தில் இடிபடாமலிருக்க மணியடிக்கும் முன் 5 நிமிடம் வெளியேற அனுமதி, லிஃப்ட் இருந்தால் அதைப் பயன்படுத்த அனுமதி, நடுவில் எழுந்து நிற்கவும் படுத்து ஓய்வெடுக்கவும் வசதி, தேர்வுகளுக்கு மாற்று ஏற்பாடு.

பெரும்பாலான பிள்ளைகள் 3 முதல் 6 வாரத்தில் பள்ளிக்குத் திரும்புகிறார்கள். முதலில் அரைநாள் போதும். அப்போது தடையாக நிற்பது வலியைவிடக் களைப்புதான். இதை ஆசிரியரிடம் முன்பே சொல்லிவைத்தால், மேசையில் தலைசாய்க்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று நினைக்கமாட்டார்.

7. பிள்ளையிடம் என்ன சொல்வது

உண்மையை. ஆனால் முன்னதாக, கொஞ்சம் கொஞ்சமாக. கண் விழிக்கும்போது கையில் ஊசிக்குழாய், சிறுநீர்க் குழாய், சிலருக்கு முதுகிலிருந்து ரத்தத்தை வடிக்கும் குழாய் இருக்கும். பல மணிநேரம் குப்புறப் படுக்கவைத்திருப்பதால் முகம் வீங்கியிருக்கும். கால்விரலை ஆட்டு என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். நரம்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அது. மறுநாளே உட்காரவும் நிற்கவும் வைப்பார்கள். முதல் 2, 3 நாள் வலி அதிகம். வலுவான வலிநிவாரணிகள் அரிப்பு, குமட்டல், விசித்திரமான கனவுகளைத் தரலாம். தழும்பைச் சுற்றித் தோல் மரத்திருக்கும். அது சரியாக மாதங்கள் ஆகலாம், கொஞ்சம் அப்படியே நிற்கவும் செய்யலாம்.

"வலிக்கவே வலிக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள். அறுவை முடிந்த இரவில் பிள்ளை நம்பவேண்டிய ஆள் நீங்கள். அந்த நம்பிக்கை இந்த ஒரு பொய்யில் போய்விடும். அதேபோல், "எதற்காக எனக்கு இதைச் செய்தீர்கள்" என்று மூன்றாம் நாள் பிள்ளை கோபப்பட்டால் வாதாடாதீர்கள். அது அநேகமாக எல்லா வீட்டிலும் வரும் கேள்வி. பதில் கேட்டு வருவதல்ல.

8. மருத்துவமனை நாட்கள்: உங்களுக்கு அது வகுப்பறை

இரண்டு பெரியவர்கள் முறைவைத்துக்கொள்ளுங்கள். இரவு விழித்தவர் பகலில் வெளியே போய்த் தூங்க வேண்டும். இருவரும் சேர்ந்தே விழித்திருந்தால், வீட்டுக்கு வரும் நாளில் இருவரும் விழுந்துவிடுவார்கள். கடினமான பகுதி அன்றுதான் தொடங்குகிறது.

பிசியோதெரபிஸ்ட் வரும்போது போனைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். வெளியேறுவதற்கு முந்தைய நாள், செவிலியர் உதவியில்லாமல் நீங்களே பிள்ளையை எழுப்பி உட்காரவைத்து, கழிப்பறைக்கு அழைத்துப்போய்க் காட்டுங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்துவார்கள்.

வெளியேறும் முன் இரண்டு காரியம். ஒன்று, எழுதிக்கொடுத்த எல்லா மருந்தும் கையில் இருக்க வேண்டும். கட்டுப்பாடு உள்ள வலிநிவாரணிகள் எல்லா மருந்துக்கடையிலும் கிடைப்பதில்லை. இரண்டு, ஒவ்வொரு மருந்தும் கடைசியாக எந்த மணிக்குக் கொடுக்கப்பட்டது என்று எழுதி வாங்குங்கள். அது தெரியாவிட்டால் வீட்டில் முதல் வேளையை எப்போது கொடுப்பது என்பதே குழப்பமாகிவிடும்.

9. மருந்து அட்டவணை

ஒரு நோட்டு, ஒரு பேனா, இரண்டும் மருந்துப் பெட்டியோடு இருக்கட்டும். பத்திகள்: மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம், கொடுத்தவர், அப்போதைய வலி எண், அடுத்த வேளை. நினைவை நம்பாதீர்கள். இரண்டு பேர் மாறி மாறிக் கவனிக்கும் வீட்டில், ஒரே மருந்து இருமுறை போவதும் ஒருமுறைகூடப் போகாததும் இந்த நோட்டு இல்லாததால்தான்.

மருந்துகளை இரண்டாகப் பிரியுங்கள். கடிகாரப்படி கட்டாயம் கொடுப்பவை ஒரு பக்கம், தேவைப்பட்டால் கொடுப்பவை மறுபக்கம். எது எந்தப் பக்கம் என்று மருத்துவமனையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் சில நாள் இரவிலும் அலாரம் வைத்து எழுப்பிக் கொடுக்கச் சொன்னால், அப்படியே செய்யுங்கள். "நன்றாகத் தூங்குகிறது, எழுப்ப மனமில்லை" என்று விட்ட வேளைக்குக் கூலி அதிகாலையில் கிடைக்கும்: வலி ஏறிவிட்ட பிறகு அதை இறக்கப் பல மணிநேரம் ஆகும்.

பாராசிட்டமால் ஒரு பொறி. சில கூட்டு வலிநிவாரணிகளிலும் சளி மருந்துகளிலும் அது ஒளிந்திருக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு மீறி ஈரலைப் பாதிக்கும். அட்டையைப் படிக்காமல் புதிதாக எதையும் கொடுக்காதீர்கள்.

அபின் வகை வலிநிவாரணியும் (மார்ஃபின் போன்ற வலுவானவை) தசைத் தளர்த்தியும் சேர்ந்தால் தூக்கம் ஆழமாகும். பிள்ளையைத் தட்டி எழுப்ப முடியவில்லை, மூச்சு மிக மெதுவாகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் அடுத்த வேளையைப் பற்றி யோசிக்க வேண்டாம். உடனே அவசர உதவியை அழையுங்கள். இந்த மருந்துகள் பூட்டிய இடத்தில்தான் இருக்க வேண்டும்.

மலமிளக்கி இதே அட்டவணையில் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். அபின் வகை மருந்து குடலை மந்தமாக்கும். படுக்கையும் குறைந்த உணவும் சேர்ந்து அதை இன்னும் மோசமாக்கும். மலச்சிக்கல் வந்த பிறகு தொடங்குவது தாமதம். முதுகுவலியைவிட வயிற்றுவலிதான் கொடுமையாக இருந்தது என்று சொல்லும் பிள்ளைகள் பலர்.

குறைக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு மருந்து. வழக்கமாக அபின் வகையைத்தான் முதலில் குறைக்கச் சொல்வார்கள்: பகல் வேளைகளில் இடைவெளியை நீட்டி, இரவு வேளையைக் கடைசியில் விடுவது எளிது. பாராசிட்டமால் தொடரும். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் எதனால் வலி திரும்பியது என்றே தெரியாது. மீந்ததை வீட்டில் வைத்திருக்காமல் மருந்துக்கடையில் கேட்டு ஒப்படையுங்கள்.

10. வீட்டுக்கு வரும் பயணம்

கிளம்புவதற்கு அரைமணி முதல் ஒரு மணிநேரம் முன் வலிநிவாரணி வேளை விழும்படி கணக்கிடுங்கள். முன் இருக்கையைச் சற்றுச் சாய்த்து, பக்கங்களில் தலையணை கொடுங்கள். சீட் பெல்ட்டுக்கும் உடலுக்கும் நடுவில் எதையும் வைக்காதீர்கள். ஏறும்போது முதலில் இருக்கையில் பின்னோக்கி உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். நீண்ட தூரம் என்றால் ஒரு மணிநேரத்துக்குள் ஒருமுறை இறங்கி நடக்கட்டும். வாந்திப் பை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

11. முதல் இரண்டு வாரம்

வீட்டுக்கு வந்த முதல் இரண்டு மூன்று நாள், மருத்துவமனையில் இருந்ததைவிட மோசமாகத் தெரியும். ஊசிவழி மருந்துகளின் தாக்கம் முடிந்திருக்கும், நடமாட்டம் கூடியிருக்கும், உதவிக்கு மணியடித்தால் வர ஆளில்லை. இது எதிர்பார்த்ததுதான் என்று தெரிந்தால் பீதி பாதியாகும்.

ஒரே நிலையில் ஒரு மணிநேரத்துக்கு மேல் இருக்கவிடாதீர்கள். படுக்கை, நாற்காலி, சிறு நடை என்று மாறிக்கொண்டே இருக்க வேண்டும். தசை இறுகுவதால்தான் பாதி வலி. ஒரு நீண்ட நடையைவிட நாளுக்கு ஐந்தாறு குட்டி நடை மேல்; தூரத்தை நாள்தோறும் சற்றே கூட்டுங்கள்.

சாப்பாடு சிறிது சிறிதாக, அடிக்கடி. தட்டு நிறைய வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சுவது பலன் தராது. முதல் வாரத்தில் தண்ணீரும் புரதமும் இறங்கினால் போதும்.

தூக்கம் மல்லாந்தோ, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்து ஒருக்களித்தோ. முதல் வாரத்தில் இரவில் சிலமுறை திருப்பிவிட உங்களைக் கூப்பிடும். போகப் போகக் குறையும்.

காயத்தை மருத்துவர் பார்க்கச் சொன்ன முறையில் தினமும் ஒரே வெளிச்சத்தில் பாருங்கள், போனில் படம் எடுத்துவையுங்கள். நேற்றைவிடச் சிவந்திருக்கிறதா என்ற கேள்விக்குப் படம்தான் பதில் சொல்லும். எண்ணெய், பவுடர், களிம்பு எதுவும் தடவாதீர்கள். குளிக்க அனுமதி வந்தாலும், காயம் முழுதும் ஆறும்வரை தொட்டியிலோ குளத்திலோ அமிழ்வது கூடாது.

முதல் வாரக் கடைசியில் காரணமில்லாத அழுகை வரும். களைப்பு, மருந்து, தனிமை எல்லாம் சேர்ந்தது அது. நண்பர்கள் வரட்டும், அரைமணியில் கிளம்பட்டும். இருமுகிறவர்கள் பிறகு வரட்டும்.

12. உடனே மருத்துவரை அழைக்க வேண்டியவை

மருத்துவமனை சொன்ன அளவைத் தாண்டும் காய்ச்சல் (பல இடங்களில் 38.5 டிகிரி செல்சியஸ்), காயத்தில் நீர், சீழ், பரவும் சிவப்பு, பிளவு, குறைந்துகொண்டிருந்த வலி திடீரென ஏறுவது, மூன்று நாளாக மலம் போகாதது, பச்சை நிறத்தில் வாந்தி அல்லது எதுவும் தங்காத தொடர்வாந்தி. மெலிந்த பிள்ளைகளில், முதுகு நேராகும்போது சிறுகுடலின் தொடக்கப்பகுதி ரத்தக்குழாய்களுக்கு நடுவில் அழுந்திக்கொள்வது அரிதாக நடக்கும். அதன் அறிகுறி இந்தத் தொடர்வாந்தி. வெறும் வயிற்றுக்கோளாறு என்று காத்திருக்கக் கூடாது.

காலில் புதிதாகப் பலவீனம் அல்லது மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது சிறுநீர் வராமலே இருத்தல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும்: இவற்றுக்குத் தொலைபேசியில் நேரம் போக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

13. மூன்றாம் வாரத்திலிருந்து

இதுவரை பிள்ளையை அசைய வைப்பது வேலை. இனி அளவுமீறி அசைவதைத் தடுப்பது வேலை. வலி குறையும், மருந்து நின்றுவிடும், பிள்ளை தரையில் கிடக்கும் சார்ஜரை எட்டி எடுக்கும். உள்ளே எலும்பு இன்னும் சேரவில்லை. அது முழுதும் சேர 6 முதல் 12 மாதம் ஆகும். அதுவரை பாரத்தைத் தாங்குவது திருகும் கம்பியும்தான். எலும்பு சேராமலே போனால் நாளடைவில் கம்பி முறியக்கூடும். இதை எக்ஸ்ரே படத்தை வைத்துப் பிள்ளைக்கு நேரடியாக மருத்துவர் சொல்லட்டும். நீங்கள் பத்து முறை சொல்வதைவிட அது வேலை செய்யும்.

நடைதான் இந்தக் கட்டத்தின் சிகிச்சை. ஓடுவது, சைக்கிள், நீச்சல், விளையாட்டு எல்லாம் மருத்துவர் சொல்லும் வரிசையில். மோதல் இல்லாத விளையாட்டுகளைப் பலர் 3 முதல் 6 மாதத்தில் அனுமதிக்கிறார்கள்; மோதலுள்ளவற்றுக்கு 6 முதல் 12 மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

தோள்பட்டைகளுக்கு நடுவில் வலி வரும். புதிய நிலையைத் தாங்கத் தசைகள் பழகுகின்றன. "ஒருபக்கம் சாய்ந்து நிற்பதுபோல் இருக்கிறது" என்று நேராக நிற்கும் பிள்ளை சொல்லும். மூளை பழைய வளைவையே நேர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. ஆளுயரக் கண்ணாடி முன் நிற்கவைத்தால் மெல்ல மாறும். தழும்பில் ஓராண்டுக்கு நேரடி வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கருத்துவிடும்.

பெற்றோர் கைவிட வேண்டிய உதவிகளையும் இப்போதே கைவிடத் தொடங்குங்கள். தானாகக் குளிக்க முடிகிற பிள்ளையைக் குளிப்பாட்டுவது, எட்டுகிற தண்ணீரை எடுத்துக்கொடுப்பது ஆகியவை பழக்கமாகிவிட்டால் பள்ளியில் முதல்நாள் திண்டாடும்.

கடைசியாக ஒரு காகித வேலை. அறுவைக் குறிப்பின் நகல், பொருத்திய உலோகத்தின் விவரம், அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டு, போனிலும் படமாக வைத்துக்கொள்ளுங்கள். எம்ஆர்ஐ எடுக்கும் எந்த இடத்திலும் உள்ளே இருப்பது என்ன உலோகம் என்று கேட்பார்கள். பல் சிகிச்சைக்குப் போகும்போதும் உலோகம் இருப்பதை முன்கூட்டியே சொல்லி, தொற்றைத் தடுக்க ஆன்டிபயாடிக் மருந்து தேவையா என்று அறுவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.